வேண்டுவதும் வேண்டாததும் – ஒரு கடிதம்

ஐயா, வணக்கம்.

எனக்கு வயது 36. யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் இருக்கிறேன். அரச அலுவலகம் ஒன்றில் முகாமைத்துவ உதவியாளர் வேலை. கடந்த தை மாதத்தில் இருந்து எனக்கென்று புது உடுப்பு, செருப்பு, கைப்பை எதுவும் வாங்காமல் இருக்கிறேன். காரணம் இரண்டு. ஒன்லைனில் தவணைக்கு வாங்கியதற்கெல்லாம் வெட்டு விழுந்து, சம்பளம் பத்தாம் தேதிக்கு மேல் நிற்பதில்லை. மற்றது, ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்பிள்ளைகளைப் பற்றி வாசித்தவை. அலுமாரியைத் திறந்து எண்ணினேன். 41 சட்டைகள். அதில் 9 ஒருதரமும் போடாதவை.

எனக்கு இது கஷ்டமாக இல்லை. அம்மாவுக்குத்தான் கஷ்டம். "ஒண்டுமில்லாத காலத்திலயே உனக்கு வருசத்துக்குப் புதுச்சட்டை தைச்சுப் போட்டனான். இப்ப எல்லாம் இருக்கேக்க நீ ஏன் பஞ்சப்பாட்டுப் பாடுறாய்?" என்று அழுகிறா. அவவின் அலுமாரியில் அறுபது சேலைக்கு மேல் இருக்கிறது. அரைவாசி உறையே பிரிக்கவில்லை. 95 போர்க்கால இடப்பெயர்வில் அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போனவ. திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை. அந்தத் திறப்பு இன்னும் சாமியறையில் தொங்குகிறது.

அலுவலகத்தில் எனக்கு இப்போது 'கசவாரம்', அதாவது கஞ்சப்பிறவி, என்று பட்டம். அதைக்கூடத் தாங்கலாம். ஒரு அக்கா கேட்டா, "எல்லாரும் உன்னைப்போல வாங்காமல் விட்டால் கடையில நிக்கிற பிள்ளையளுக்கு ஆர் சம்பளம் குடுக்கிறது?" பதில் தெரியவில்லை. நான் செய்வது சரியா? அல்லது என் காசுத் தட்டுப்பாட்டுக்கு அறம் என்று பெயர் வைத்து என்னையே ஏமாற்றுகிறேனா?

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள். எடுத்துவிட்டேன்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், அதுதான் லேசு. தட்டுப்பாட்டுக்கு அறம் என்று பெயர் வைத்தால்தான் என்ன? நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர் கந்தனைக் கும்பிடவும் போகிறார், கச்சான் வாங்கவும் போகிறார். 25 நாளும் அப்படித்தான். அதற்காக அவர் கும்பிட்டது பொய்யாகிவிடாது.

என் கதையும் கடனில் தொடங்கியதுதான். போர் முடிந்து, தெற்கிலிருந்து வரும் ஏ9 பாதை திறந்து, லொறி லொறியாகச் சாமான் வந்திறங்கிய காலம். 2010 ஆக இருக்கவேண்டும். கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் கால் கடுக்க நின்ற ஊருக்கு, கண்ணாடிக்குப் பின்னால் எல்லாமே அடுக்கி வைத்திருந்தார்கள். நிதி நிறுவனங்கள் தெருவுக்குத் தெரு கிளை திறந்தன. வீட்டில் ஓடுகிற மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கவே, லீசிங்கில் இன்னொன்று எடுத்தேன். ஏன் என்று இன்றைக்கும் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. அடுத்த வீட்டில் ஒன்று வந்திருந்தது, அவ்வளவுதான். மூன்று தவணை பிந்தியது. ஒரு பின்னேரம் இரண்டு பொடியன்கள் வந்தார்கள். குரலை உயர்த்தவே இல்லை. "அண்ணை, திறப்பை ஒருக்காத் தாங்கோ" என்றார்கள். கொடுத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது எனக்குக் கேட்டது. நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. வாசிக்காமல் கையெழுத்துப் போட்டது நான்தானே.

அதற்குப் பிறகு ஒரு வருடம் ஒன்றும் வாங்கவில்லை. வெட்கத்தில்தான். நீங்கள் சொல்கிற அறமெல்லாம் பிறகு மெல்ல வந்து சேர்ந்தது. கனடாவில் இருந்து மருமகன் ஒரு ரீசேட் கொண்டுவந்து தந்தான். கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்தால், இலங்கையில் தயாரித்தது. கிளிநொச்சியில் ஒரு பிள்ளை தைத்ததாகக்கூட இருக்கலாம். ரொறன்ரோ வரை போய், விலைச்சீட்டு ஒட்டி, அன்பளிப்பாகத் திரும்பி வந்திருக்கிறது. (அதே பெட்டிக்குள் குளிர்காலத்து ஜாக்கெட் ஒன்றும் இருந்தது. சித்திரை வெயிலில் அதை என்ன செய்வது என்று யாரும் இதுவரை சொல்லவில்லை.)

அந்தப் பட்டியைப் பார்த்த பிறகுதான் நானும் தேடி வாசிக்கத் தொடங்கினேன். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். முதல்நாளே சுவரில் வெடிப்பைக் கண்டு ஆட்களை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். கீழ்த்தளத்து வங்கி மறுநாள் திறக்கவில்லை. தையல் பிள்ளைகளை மட்டும் திரும்ப உள்ளே கூப்பிட்டார்கள். ஓடர் முடித்து அனுப்பத் தேதி இருந்தது. அந்தத் தேதி எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், கடையில் வாராவாரம் புது டிசைன் தேடுகிற என்னைப்போன்ற ஆட்களிடம்தான் போய் முடிகிறது.

தண்ணீர்க் கணக்கு ஒன்றும் உண்டு. ஒரு பருத்தி ரீசேட்டுக்கு 2,700 லீற்றர் என்று பரவலாகச் சொல்வார்கள். இலக்கமாகக் கேட்டால் மண்டையில் ஏறாது. 15 லீற்றர் வாளியால் கிணற்றில் 180 தரம் அள்ளிப் பாருங்கள். ஆறில்லாத ஊர் எங்களுடையது. சுண்ணக்கல்லுக்குள் மாரி மழை விட்டுவைத்ததைத்தான் வருடம் முழுக்க அள்ளுகிறோம். பருத்திக்கு இறைத்த தண்ணீர் வேறு யாருடையதோ கிணறு, அதனால் எங்களுக்குத் தெரிவதில்லை. குப்பையோ எங்கள் பக்கத்திலேயே கிடக்கிறது. கல்லுண்டாய் வெளியால் ஒருதரம் போய்வாருங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு போனாலும் கண்ணுக்குத் தெரியும்.

சரி, கடைப்பிள்ளைகள். அந்த அக்கா கேட்டது குதர்க்கம் இல்லை, நல்ல கேள்வி. நீங்கள் வாங்காமல் விட்ட பத்துச் சட்டையால் கிளிநொச்சியில் ஒரு பிள்ளையின் சம்பளம் ஒரு ரூபாயும் கூடப்போவதில்லை. எல்லாரும் ஒரேயடியாக நிறுத்தினால் அவளுக்கு வேலை போகும், அதுவும் உண்மை. 2022 இல் கையில் காசில்லாமல் சனம் வாங்குவதை விட்டபோது கடைகள் எப்படிக் கிடந்தன என்று இரண்டு பேரும் பார்த்தோம். ஆகவே வாங்காமல் இருந்து யாரையோ காப்பாற்றுகிறோம் என்ற எண்ணம் வேண்டாம்.

ஆனால் கடைப்பிள்ளைக்கு நாங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எங்கள் அயலில் ஒரு பிள்ளை துணிக்கடையில் நிற்கிறாள். 'நிற்கிறாள்' என்பது சும்மா வழக்குச் சொல் இல்லை, உண்மையாகவே நிற்கிறாள். கதிரை கிடையாது. தீபாவளிக்கு முதல் கிழமை வீட்டுக்கு வர இரவு பதினொன்றரை ஆகும். வந்தவுடன் பாட்டி ஒரு சட்டி சுடுதண்ணீரில் உப்புப் போட்டு வைப்பா, அதற்குள் காலை வைத்தபடி சோற்றுக் கோப்பையைக் கையில் வாங்கிச் சாப்பிடுவாள். கடை, அலுவலக ஊழியர் சட்டம் என்று 1954 இல் இருந்து ஒன்று இருக்கிறது. நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 என்று சொல்கிறது. தமிழ்நாட்டில் கடை ஊழியருக்கு இருக்கை கொடுக்கவேண்டும் என்று 2021 இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இங்கே சட்டம் என்ன சொன்னாலும், இரவு பத்து மணிக்கு நாங்கள் போய் நாற்பது சேலையை விரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் எடுக்காமல் வந்தால், அந்த நாற்பதையும் மடித்து வைத்துவிட்டுத்தான் அவள் வீட்டுக்குப் போகவேண்டும். வாங்குவதாக இருந்தால் பகலில் போங்கள். என்ன வேண்டும் என்று முடிவுசெய்துகொண்டு போங்கள். அக்காவுக்கு இந்தப் பதிலைச் சொல்லிப் பார்க்கலாம்.

மிச்சக் காசில் கொஞ்சம் தையல்காரரிடம் போகட்டும். எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் ஒரு விறாந்தையில் மெஷின் போட்டு இருக்கிற ஒருவரிடம் சேட்டைக் கொடுத்து, "கொலரைத் திருப்பித் தைக்க ஏலுமோ" என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "உதை ஆரும் கேட்டு இருபது வருசம்" என்றார். பிறகு பிளேட்டால் ஒவ்வொரு நூலாக வெட்டிக் கொலரைக் கழற்றினார். கழுத்தில் உரசி நைந்த பக்கம் உள்ளே போனது, வெளுக்காத பக்கம் வெளியே வந்தது. அரை மணித்தியாலம் எடுத்தது. அந்தச் சேட்டைப் போட்டுக்கொண்டு ஒரு கலியாண வீட்டுக்கும் போய்வந்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. (இப்போது எழுதிவிட்டேன், இனித் தெரியும்.)

இனி அம்மா. இதற்காகத்தான் உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தேன்.

கொலர் திருப்புவதைப் பற்றி நான் இப்படி ரசித்து எழுதுகிறேன் அல்லவா? உங்கள் அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டிவிடாதீர்கள். 90 இல் அரசு போட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில் அவ இதையெல்லாம் ரசித்துச் செய்யவில்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை அடைத்து, கரண்டிக் கணக்கில் மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில்தான் உங்கள் புதுச்சட்டையைத் தைத்திருப்பா. சவுக்காரம் இல்லாமல் பனம்பழத்தைப் பிழிந்து உடுப்புத் தோய்த்த காலம். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பார்கள், கசக்கவே வழியில்லை. நாங்கள் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோம். இன்று அதைப் பேஸ்புக்கில் எழுதினால் ஆயிரம் பேர் 'அந்தக் காலம்' என்று பெருமூச்சு விடுகிறார்கள். எனக்குக் கோபம் வரும். அது சிக்கனம் இல்லை, தண்டனை. எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்று வேறு யாரோ எழுதிய பட்டியல். பற்றரியும் சீமெந்தும்கூட அந்தத் தடைப் பட்டியலில் இருந்தன.

அதற்கும் முந்திய பட்டியல் ஒன்றும் இந்த ஊரில் இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிச் சனம் மேற்சட்டை போடக்கூடாது, நகை போடக்கூடாது என்று எங்கள் ஆட்களே போட்டு வைத்த பட்டியல். அதை மீறிச் சட்டை போட்டதற்கு அடி வாங்கியவர்களின் பேரப்பிள்ளை தீபாவளிக்கு மூன்று உடுப்பு எடுத்தால், 'ஏன் இவ்வளவு' என்று கேட்க என் நாக்கு எழும்பாது. ஆகவே நீங்கள் செய்வதை ஊருக்குப் பரப்பவேண்டாம். உங்கள் அலுமாரியோடு நிற்கட்டும்.

எங்கள் பக்கத்தில் வாங்குவதை 'வேண்டுவது' என்றுதான் கதைப்போம், "கடையில வேண்டினனான்" என்று. கோயிலில் வேண்டுவதும் அதே சொல். உங்கள் அம்மா ஒவ்வொரு சேலையையும் இரண்டு அர்த்தத்திலும் வேண்டியிருக்கிறா என்று எனக்குப் படுகிறது. 95 ஒக்டோபர் 30 அன்று இரவு, மழைக்குள், வலிகாமம் பகுதியே எழும்பி நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது நானும் அந்த நெரிசலில் நின்றேன். ஒரு மணித்தியாலத்தில் எட்டிய தூரம் ஒரு பனை இரண்டு பனை உயரம்தான். எல்லாரும் வீட்டைப் பூட்டிவிட்டுத்தான் வந்தார்கள். யோசித்துப் பாருங்கள், என்ன நம்பிக்கையில் பூட்டியிருப்பார்கள்! அலுமாரிக்குள் கூறைச்சேலையும் இருந்திருக்கும். அடுத்த வருடம் திரும்பி வந்த நாளில் இருந்து, இல்லாமல் போன அந்த அலுமாரியைத்தான் ஒவ்வொரு சேலையாகத் திருப்பி நிரப்பிக்கொண்டிருக்கிறா. உறை பிரிக்காததற்கும் காரணம் அதுதானோ என்னவோ. உடுப்பதற்கு வாங்கவில்லை, இருப்பதற்கு வாங்கினா.

அவவுக்கு நீங்கள் புதுச்சட்டை வேண்டாம் என்பது, அவ ஜாம் போத்தல் வெளிச்சத்தில் தைத்ததை வேண்டாம் என்பதுபோலக் கேட்கும். வாக்குவாதப்படாதீர்கள். கிளிநொச்சியையும் டாக்காவையும் அவவிடம் கொண்டுபோகாதீர்கள். தீபாவளிக்கு அவவாக ஒரு சட்டை எடுத்துத் தந்தால் வாங்கிப் போட்டுக்கொண்டு நல்லூருக்குப் போய்வாருங்கள். உங்கள் கணக்கு அதனால் குழம்பாது. அது கடையில் வேண்டியது இல்லை, அம்மா தந்தது.

வேறொரு விஷயம். பட்டுச்சேலையை ஒரே மடிப்பில் வருடக்கணக்காக வைத்தால் மடிப்பில் இற்றுப்போகும், சரிகை பக்கம் முதலில் வெடிக்கும். பிளாஸ்டிக் உறைக்குள் என்றால் புழுங்கி மணக்கவும் தொடங்கும். ஐப்பசி மழை தொடங்க முதல், நல்ல காற்று உள்ள ஒரு சனிக்கிழமை பார்த்து, இரண்டு பேருமாக உறைகளைப் பிரியுங்கள். நேர்வெயில் வேண்டாம், விறாந்தை நிழல் போதும். ஒரு நுனியை நீங்களும் மற்ற நுனியை அவவும் பிடித்து மடிப்பை மாற்றி மடியுங்கள். அறுபது சேலைக்கு ஒரு முழுப் பகல் பிடிக்கும், மத்தியானச் சமையலை முதலே முடித்துவிடுங்கள்.