ஐஸ்சேவ் வாக்கெடுப்புகள்: கேள்வி பதில்

கேள்வி: வங்கிக் கடனைக் கட்ட முடியாது என்று ஐஸ்லாந்து மக்கள் வாக்களித்தது உண்மையா?

பதில்: பாதி உண்மை. 2008 அக்டோபரில் ஐஸ்லாந்தின் லாண்ட்ஸ்பாங்கி வங்கி வீழ்ந்தபோது, பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் அது ஐஸ்சேவ் என்ற பெயரில் இணையம் வழியாகத் திரட்டியிருந்த வைப்புகள் முடங்கின. அவ்விரு அரசுகளும் தம் குடிமக்களுக்குத் தாமே பணம் கொடுத்துவிட்டு, ஒரு வைப்பாளருக்கு 20,887 யூரோ வரையிலான தொகையைச் சுமார் 3.2 லட்சம் பேரே வாழும் ஐஸ்லாந்திடம் கேட்டன. மொத்தம் ஏறத்தாழ 400 கோடி யூரோ. அதற்கு 5.5 சதவீத வட்டியுடன் அரசு உத்தரவாதம் அளிக்கும் சட்டத்தைத்தான் மக்கள் நிராகரித்தார்கள். எந்த வாக்கெடுப்பைப் பற்றிப் பேசினாலும், வாக்குச்சீட்டில் என்ன கேட்கப்பட்டது என்பதை முதலில் பாருங்கள்.

கேள்வி: நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் மக்களிடம் எப்படிப் போனது?

பதில்: குடியரசுத் தலைவர் கையொப்பமிட மறுத்தால், அரசியலமைப்பின் 26ஆம் பிரிவின்படி அது வாக்கெடுப்புக்குச் செல்லும். வாக்காளர்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் மனு அளித்திருந்த நிலையில், 2010 ஜனவரி 5 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் ஓலாவுர் ரக்னார் கிரிம்சன் மறுத்தார். மார்ச் 6 அன்று 93 சதவீதத்தினர் எதிர்த்தனர். ஆயினும் அந்த எண்ணில் மயங்க வேண்டாம். அதைவிட நல்ல நிபந்தனைகள் அதற்குள் பேச்சுக்கு வந்துவிட்டதால், பிரதமர் யோஹன்னாவே வாக்களிக்கப் போகவில்லை. வட்டியைச் சுமார் 3 சதவீதமாகக் குறைத்த பின்பும் 2011 ஏப்ரல் 9 அன்று ஏறத்தாழ 60 சதவீதத்தினர் எதிர்த்தார்களே, அதுதான் உண்மையான தீர்ப்பு.

கேள்வி: ஆக, கடனை ரத்து செய்துவிட்டார்கள்?

பதில்: இல்லை. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கிரீஸில் 2015இல் நடந்ததும் இதுதானே?

பதில்: இல்லை. அங்கே பேச்சு அரசின் கடனைப் பற்றியது; இங்கே ஒரு வங்கியின் வைப்புகளைப் பற்றியது.

கேள்வி: உள்நாட்டு வைப்புகளை முழுமையாகக் காத்துவிட்டு அயல்நாட்டாரைக் கைவிட்டது பாரபட்சம் இல்லையா?

பதில்: கூர்மையான கேள்வி. உள்நாட்டு வைப்புகள் புதிய வங்கிக்கு மாற்றப்பட்டன. ஐஸ்சேவ் கணக்குகள் பழைய வங்கியிலேயே விடப்பட்டன. ஐஸ்சேவ் ஒரு கிளையாக இயங்கியதால் அதன் அடிப்படை உத்தரவாதம் ஐஸ்லாந்தைச் சார்ந்திருந்தது. பிரிட்டனிலேயே தனியாகப் பதிவான துணை நிறுவனமாக இயங்கிய, கவுப்திங் என்ற மற்றோர் ஐஸ்லாந்து வங்கியின் பிரிட்டன் வங்கிக்கோ பிரிட்டன் உத்தரவாதமே பொருந்தியது. எனினும் இந்த மாற்றத்துக்கு வழி செய்த அதே நெருக்கடிச் சட்டம் வைப்பாளர்களை, வங்கிக்குக் கடன் கொடுத்த மற்றவர்களுக்கு முன்னால் நிறுத்தியது. அந்த முன்னுரிமை அயல்நாட்டாருக்கும் கிடைத்தது.

கேள்வி (அவரே): முன்னுரிமை வேறு, உடனடிப் பணம் வேறு. உங்கள் பதில் சமாளிப்பாகத் தெரிகிறது.

பதில்: வேறுதான், மறுக்கவில்லை. ஐஸ்லாந்துக்காரர் மறுநாளே பணம் எடுக்க முடிந்தது. லண்டன்காரர் தம் அரசை நம்பிக் காத்திருந்தார். அறத்தின் கண்ணில் அது உறுத்தும். ஆனால் 2013 ஜனவரி 28 அன்று எஃப்டா (ஐரோப்பியத் தடையிலா வணிகச் சங்கம்) நீதிமன்றம், பாரபட்சக் குற்றச்சாட்டு உட்பட, ஐஸ்லாந்துக்கு எதிரான வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஒரு பெருநெருக்கடியில் வைப்பு உத்தரவாத நிதியால் கொடுக்க இயலாதபோது அரசே கொடுத்தாக வேண்டும் என்று அன்றைய ஐரோப்பிய நெறிமுறை சொல்லவில்லை என்பதே அதன் முடிவு. தீர்ப்பை ஏற்காமல் வாதிடலாம். தீர்ப்பே இல்லாததுபோல் வாதிடக் கூடாது.

கேள்வி: கடனைக் கட்டாத நாட்டுக்கு வேறு யார் கடன் கொடுப்பார்கள்?

பதில்: மறுபடியும் அதே அனுமானம். லாண்ட்ஸ்பாங்கியின் சொத்துகளை விற்ற பணத்திலிருந்தே முன்னுரிமைக் கோரிக்கைகள் 2016 ஜனவரிக்குள் தீர்க்கப்பட்டன.