34, 35 வகை டீசல் இன்ஜின்கள் அமெரிக்கத் தயாரிப்பா, தென்னாப்பிரிக்கத் தயாரிப்பா?

கேள்வி இதுதான்: "தென்னாப்பிரிக்காவில் இன்னும் சரக்கு இழுக்கிற 34, 35 வகை டீசல் இன்ஜின்கள் அமெரிக்கத் தயாரிப்புதானே? இங்கே சும்மா போல்ட் முறுக்கியதை உள்ளூர்த் தயாரிப்பு என்று சொல்லலாமா?"

அந்த 'சும்மா'வைப் பார்த்துவிட்டுத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். கேட்டவர் வேலை விஷயமாக இந்த நாட்டுக்கு வந்தவராக இருக்கவேண்டும். வீட்டுக்குப் பின்னால் சரக்குப் பாதை போகிறது, ராத்திரித் தூக்கம் கெடுகிறது, இணையத்தில் தேடினால் ஜெனரல் எலக்ட்ரிக், ஜெனரல் மோட்டார்ஸ் என்று வருகிறது. அதனால் வந்த சந்தேகம் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் போர்ட் எலிசபெத்தில், மலபார் பகுதியில் இருக்கிறேன். ஊர்ப் பெயரை கெபெர்ஹா என்று மாற்றிவிட்டார்கள், எனக்கு இன்னும் வாயில் நுழையவில்லை. இந்தப் பழைய இன்ஜின்களை ஓவர்ஹால் செய்கிற ஒரு தனியார் பட்டறையில் டீசல் மெக்கானிக் வேலை.

சுருக்கமாகச் சொன்னால் வடிவமைப்பு அமெரிக்காவுடையது, செய்தது இங்கே. இனி நீளமாக.

முதலில் வந்தவை உண்மையிலேயே அமெரிக்கச் சரக்குதான், கப்பலில் வந்து இறங்கியவை. 1958இல் வந்த 31 வகை, மொத்தம் 45. ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஈரி ஆலையில் செய்தது. அடுத்து 1959 முதல் 1961 வரை 32 வகையில் 115 இன்ஜின்கள். அவை பெரும்பாலும் தென்மேற்கு ஆப்பிரிக்காவுக்கு, அதாவது இன்றைய நமீபியாவுக்குப் போயின. காரணம் எளிது: அங்கே பாலைவனம், நீராவி இன்ஜினுக்கு ஊற்றத் தண்ணீர் கிடையாது. மற்ற இடங்களில் டீசலுக்கு யாரும் அவசரப்படவில்லை. நிலக்கரி காலடியில் கிடந்தது, எண்ணெயோ வெளியிலிருந்து வரவேண்டும். அதனால்தான் 1980களிலும் இங்கே நீராவி இன்ஜின் சரக்கு இழுத்துக்கொண்டிருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து அதைத்தான் படம் பிடித்தார்கள். பக்கத்துத் தண்டவாளத்தில் நின்ற டீசலை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சரி, அது கிடக்கட்டும்.

1970களில் கதை மாறியது. ஜெனரல் எலக்ட்ரிக்கின் யூ26சி, இங்கே 34-000 என்ற எண்ணோடு 1971 முதல் ஓடியது, 125 இன்ஜின்கள். யூ என்றால் யுனிவர்சல், 26 என்றால் ஏறக்குறைய 2,600 குதிரைத்திறன், சி என்றால் ஒவ்வொரு போகியிலும், அதாவது இன்ஜினுக்கு அடியில் உள்ள ஒவ்வொரு சக்கரச் சட்டத்திலும், மூன்று அச்சு. இதைக் கட்டியது டோர்மன் லாங்குடன் சேர்ந்த தென்னாப்பிரிக்கக் கூட்டு நிறுவனம், பின்னாளில் டார்பில் என்று பெயர் பெற்றது. போட்டிக்கு ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஜிடி26எம்சியை எங்கள் ஊர் ஆலையிலேயே கட்டியது. 1974 முதல் 1976 வரை வந்த 34-600 மட்டும் நூறு. கிளைப் பாதைகளின் தண்டவாளம் மெல்லியது, 34 மாதிரி நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியைத் தாங்காது. அதற்காக எடை குறைந்த 35 வகை. அதிலும் இரண்டு கம்பெனிச் சரக்கும் உண்டு: 35-000, 35-400 ஜெனரல் எலக்ட்ரிக், 35-200, 35-600 ஜெனரல் மோட்டார்ஸ். 1981இல் 37 வகையில் இன்னொரு நூறு எங்கள் ஊரிலிருந்தே போனது. அப்புறம் பெரிய மெயின்லைன் டீசல் என்று புதிதாக எதுவும் வரவில்லை, 2009க்குப் பிறகு 39-200, 43 வகைகள் ஒவ்வொன்றாக வரும்வரை. இடையில் 1986இல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்த நாட்டை விட்டே போய்விட்டது, ஆலை டெல்டா என்ற பெயரில் கார் செய்துகொண்டிருந்தது.

38 வகையை விட்டுவிட்டாய் என்று யாராவது வருவார்கள். விடவில்லை ஐயா. அது 1990களில் நைஜல் ஊரில் கட்டிய இரட்டை இன்ஜின், மின்கம்பியிலும் ஓடும், டீசலிலும் ஓடும். இந்தக் கணக்கில் சேராது.

இப்போது 'போல்ட் முறுக்குவது' பற்றி. டீசல் மோட்டார், ஆல்டர்னேட்டர் போன்ற முக்கியமான உள்ளுறுப்புகள் அமெரிக்காவுடையவை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்ஜின் என்றால் மோட்டார் மட்டுமா? இங்கே தண்டவாள அகலம் 1,067 மில்லிமீட்டர், அமெரிக்காவில் 1,435. அங்கே ஓடும் வண்டியை அப்படியே கொண்டுவந்து வைத்தால் நிற்கக்கூட இடமில்லை. அடிச்சட்டம், கேபின், டீசல் டேங்க், படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி என்று எவ்வளவு இரும்பை வெட்டி, வளைத்து, ஒட்டவேண்டும். அந்த ஒட்டுவேலையில் கொஞ்சம் என் அப்பா செய்தது.

அப்பா பெரிய ஆலையில் இல்லை. அதற்குச் சின்னச் சின்ன இரும்புச் சாமான் செய்துகொடுத்த ஒரு பட்டறையில் இருந்தார். பெயர் வேண்டாம், அது இன்று இல்லை. கைப்பிடிக் கம்பியும் படியும் தாங்கியும்தான் அவர் வேலை. நல்ல வெல்டர், அவர் போட்ட ஒட்டு மீன் செதில் அடுக்கியதுபோல ஒரே சீராக இருக்கும். ஆனால் சம்பளச் சீட்டில் கடைசிவரை 'ஹெல்பர்' என்றே எழுதினார்கள். ரயில்வேயில் இன்ஜின் ஓட்டும் வேலையும் திறன் வேலையும் வெள்ளையருக்கு ஒதுக்கியிருந்த காலம், வெளிப்பட்டறைகளும் அதைப் பார்த்து நடந்தன. சவுத் எண்டில் இருந்த எங்கள் வீட்டையும், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழு வாழிடச் சட்டத்தில் காலிசெய்ய வைத்துத்தான் மலபாருக்கு அனுப்பினார்கள். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், 'சும்மா போல்ட்' என்று எழுதும்போது ஹெல்பர் என்று எழுதிய அதே பேனாதான் எனக்குத் தெரிகிறது. கேட்டவர் அந்த எண்ணத்தில் கேட்கவில்லை என்பதும் தெரியும். கோபித்துக்கொள்ளவேண்டாம்.

போன வருடம் சென்னையிலிருந்து வந்த ஒரு பையன், எங்கள் உறவினர் வீட்டில் வாடகைக்கு இருப்பவன், பட்டறையைப் பார்க்கவேண்டும் என்றான். மென்பொருள் வேலை, ரயில் பைத்தியம். அனுமதி வாங்கிக் கூட்டிப்போனேன். ஒரு 35-600 நின்றது, ஏர் பாக்ஸ் சோதனை, அதாவது சிலிண்டர்களைச் சுற்றியுள்ள காற்றறை வழியாக உள்ளே பார்ப்பது, நடந்துகொண்டிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் மோட்டார் டூ-ஸ்ட்ரோக், 35இல் எட்டு சிலிண்டர், 34இல் பதினாறு. லைனரின், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் உருளையின், சுவரில் சுற்றிலும் காற்று நுழையத் துளைகள் உண்டு. பக்கவாட்டு மூடியைக் கழற்றி டார்ச் அடித்தால் அந்தத் துளை வழியாகப் பிஸ்டனும் ரிங்கும் கண்ணில் படும். மோட்டாரைக் கையால் மெல்லச் சுற்றி ஒவ்வொரு பிஸ்டனாகக் கொண்டுவந்து நிறுத்துவோம். ஒரு குச்சியால் ரிங்கை அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வரவேண்டும். வராவிட்டால் ரிங் ஒட்டிக்கொண்டது அல்லது உடைந்தது. லைனரில் செங்குத்தாகக் கோடு தெரிந்தால் அந்த சிலிண்டரை அப்படியே ஒரு கட்டாகத் தூக்கி வேறு மாட்டவேண்டியதுதான். பையனைக் குனியவைத்துக் காட்டினேன். சட்டையில் எண்ணெய் பட்டதையும் பாராட்டாமல் பார்த்தான், அது எனக்குப் பிடித்தது.

நிமிர்ந்ததும் கேட்டான்: "அங்கிள், நீங்க எப்போ இந்த ஊருக்கு வந்தீங்க?"

"நான் வரலை தம்பி, இங்கேதான் பிறந்தேன். எங்க அப்பாவும் இங்கேதான்."

"இல்ல அங்கிள், ஒரிஜினலா?"

என்ன சொல்வது? 1860இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் கொண்டுவந்து இறக்கியது, அதன் பின் வந்த கப்பல் ஒன்றில் எங்கள் ஆட்களும் வந்தார்கள் என்று சொன்னேன். "ஓ, அப்போ தமிழ்நாடுதான்" என்று சந்தோஷப்பட்டான். நல்ல பையன். ஆனாலும் ஊரிலிருந்து வருகிற ஒவ்வொருவரும் இதையே கேட்டால் அலுக்காதா? அத்தோடு "உங்க தமிழ் பரவாயில்லையே" என்று ஒரு சான்றிதழ் வேறு. நாங்கள் பள்ளிக்கூடம் முடிந்து கோயில் மண்டபத்தில் மாலை வகுப்பில் படித்த தமிழ் இது. இந்தப் பதிலின் கீழும் ஒற்றுப்பிழை திருத்த இரண்டு பேர் வருவார்கள். வாருங்கள், ஆனால் இன்ஜினைப் பற்றியும் ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள்.

கேள்விக்கே திரும்புகிறேன். உங்கள் வீட்டுப் பின்னால் போவது எது என்று தெரியவேண்டுமானால் படம் தேவையில்லை, காதே போதும். ஜெனரல் மோட்டார்ஸ் மோட்டாரில் சுமை குறைவாக இருக்கும்போது உள்ளே காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவைப் பல்சக்கரம் சுற்றும், அதனால் வேகம் கூடக்கூட ஒரு விசில் மேலேறும். ஜெனரல் எலக்ட்ரிக் ஃபோர்-ஸ்ட்ரோக், நிற்கும்போதே தடக் தடக் என்று தனித்தனியாகக் கேட்கும். டிரைவர் சட்டென்று நாட்ச், அதாவது விசைப் படி, ஏற்றினால் டர்போ எட்டிப்பிடிக்கும்வரை கறுப்புப் புகை தள்ளும். ரயில்வேக்காரர்களில் பாதிப் பேருக்கு விசில்தான் உசத்தி. எனக்கும் அப்படியே, எங்கள் ஊர்க்காரன் என்பதால் சொல்லவில்லை, பழுது பார்க்க அதுவே சுலபம்.

பகலில் போனால் கேபின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக் கருத்தில் போடுங்கள். 34-600 வரிசை என்றால் கைப்பிடிக் கம்பியையும் ஒரு படம் எடுத்துப் போட்டால் நல்லது.