சுத்தமான தண்ணீர் வைத்தும் தேனீ வரவில்லையே, ஏன்?

மாடித் தோட்டத்தில் கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்தும் ஒரு தேனீகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இதேதான் நடந்தது. மதுரையில் எங்கள் மொட்டை மாடியில் பாகல் கொடியும் துளசியும் நிற்கின்றன. ஒரு சித்திரை மாதம், விளக்கித் துடைத்த எவர்சில்வர் பேசினில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். மறுநாள் அதில் நாலு தேனீ செத்து மிதந்தது. மற்றதெல்லாம் மூலையில் சொட்டிக்கொண்டிருந்த குழாயடியில், பாசி பிடித்த சிமென்டில் வரிசையாக உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்தன. "உன் பேசினைவிட அந்தப் பாசிதான் அதுக்குப் பிடிச்சிருக்கு" என்றார் அம்மா. அவர் சொன்னதுதான் சரி.

தேனீ தண்ணீரைப் பெரும்பாலும் வாசனையை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. ஈர மண், பாசி, லேசான உப்பு இதெல்லாம் அதற்குப் பிடிக்கும். பளபளக்கும் பேசினில் வாசனையும் இல்லை, கால் வைக்க இடமும் இல்லை. வழுக்கி விழுந்தால் ஏறி வர முடியாது.

அந்தக் குழாயடியில் குனிந்து பார்த்தேன். ஒரு தேனீ நாக்கை ஈரத்தில் நீட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறது, வயிறு மட்டும் சுருங்கி விரிகிறது. நிரம்பியதும் ஒரே கிளம்பல். இதெல்லாம் அதன் தாகத்துக்கு மட்டும் இல்லை. கூட்டில் தேனீக் குஞ்சுகளான புழுக்கள் வளரும் பகுதி கிட்டத்தட்ட 35 டிகிரியில் இருந்தாக வேண்டும். வெயில் ஏறினால் தண்ணீரைத் தேனடையில் துளித்துளியாகப் பரப்பி, இறக்கையால் விசிறி ஆவியாக்கிக் கூட்டைக் குளிர்விக்கும். நம் ஊர் ஏர் கூலர் மாதிரிதான். அப்புறம், கெட்டித் தேனை இளக்கவும் தண்ணீர் வேண்டும்.

சரி, என்ன வைக்கலாம்? பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண் தட்டு போதும். அதில் கூழாங்கல்லை நெருக்கமாகப் போட்டு, கல்லின் தலை வெளியே தெரியும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு ஓரத்தில் பழைய சாக்குத் துண்டை ஈரமாகத் தொங்க விடுங்கள். என் தட்டில் கல்லைவிடச் சாக்கில்தான் கூட்டம். சர்க்கரை மட்டும் கலக்காதீர்கள். எறும்பு மொய்க்கும், தேனீக்களுக்குள் சண்டையும் வரும்.

இடத்தை மாற்றவே கூடாது. பழகிவிட்டால் அதே இடத்துக்குத்தான் வரும். ஒரு நாள் காய்ந்தால் பக்கத்து வீட்டு ஏர் கூலருக்குப் போய்விடும், பிறகு அந்த வீட்டுக்காரர் நம் வீட்டுக்கு வருவார். தண்ணீர் குடிக்க வரும் தேனீ சும்மா கொட்டாது. ஆனால் வெறுங்காலில் மிதித்துவிட்டால் கொட்டும், நான் வாங்கியிருக்கிறேன்.

கொசுவைப் பற்றிப் பயப்படுவது நியாயம்தான். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டை தட்டின் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. வாரத்துக்கு இரண்டு முறை தட்டையும் கல்லையும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுகிறேன், சோப்பு போடுவதில்லை. வேப்பெண்ணெய் தெளிக்கும் நாளில் தட்டைக் கவிழ்த்த வாளியால் மூடிவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு தெளிப்பேன்.

இரண்டு நாள் ஊருக்குப் போவதாக இருந்தால், அடியில் சின்ன ஓட்டை போட்டுத் துணித்திரி செருகிய மண் பானையைத் தட்டுக்கு மேலே நிறுத்திவிடுவேன். சொட்டிக்கொண்டே இருக்கும்.