சர்வர் எழுந்திரிக்கவே ஏழு நிமிஷமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், சர்வர் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்குது. அதனால மத்ததை அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதையே எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: வணக்கம் சார். எங்க ஆபீஸ்ல பல வருஷமா ஓடுற ஜாவா அப்ளிகேஷன் ஒண்ணு, டாம்கேட்ங்கிற வெப் சர்வர்ல இருக்கு. என் லேப்டாப்ல ஸ்டார்ட் பண்ணா ஒரு நிமிஷத்துக்குள்ள வந்துடுது, ப்ரொடக்‌ஷன்ல ஏழு நிமிஷம் ஆகுது. அது என் லேப்டாப்பை விட ரொம்ப பெரிய மெஷின். மேனேஜர் ரேம் கூட்டலாம்னு சொல்றார். கூட்டினா சரியாயிடுமா?

பதில்: ரேம் வாங்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம் பண்ணுங்க. சர்வர் ஸ்டார்ட் ஆகும்போது பக்கத்துலயே டாப் கமாண்டை ஓடவிட்டு, அந்த ஜாவா ப்ராசஸ் எவ்ளோ சிபியூ எடுக்குதுன்னு பாருங்க. சிபியூ முழுசா போகுதுன்னா அது நிஜமாவே வேலை செஞ்சுட்டு இருக்கு. ரெண்டு மூணு பர்சென்ட்லயே நிக்குதுன்னா அது வேலையே செய்யல, எதுக்காகவோ காத்துட்டு இருக்கு. காத்துட்டு இருக்கிற ப்ராசஸுக்கு எவ்ளோ ரேம் கொடுத்தாலும் அது காத்துட்டேதான் இருக்கும். (ஜாவாவோட மெமரியான ஹீப் பத்தாம, அதுல வேண்டாததைத் துடைக்கிற ஜிசி திரும்பத் திரும்ப ஓடினா ரேம் உதவும், ஆனா அப்போ சிபியூ கண்டிப்பா எகிறும், ஜிசி லாக்லயும் தெரிஞ்சுடும்.) லேப்டாப்ல வேகம், பெரிய மெஷின்ல மெதுவுன்னு நீங்க சொல்றதைப் பார்த்தா உங்களுது காத்திருக்கிற கேஸ்னுதான் எனக்குத் தோணுது.

எதுக்குக் காத்திருக்குன்னு அதுகிட்டயே கேட்கலாம், த்ரெட் டம்ப் எடுங்க, ஒவ்வொரு த்ரெட்டும் இப்போ கோட்ல எந்த வரில நிக்குதுன்னு அது காட்டும். ஜேஸ்டாக் கமாண்ட் போதும், அது இல்லாத மெஷின்னா கில் கமாண்டுக்கு மைனஸ் 3 கொடுங்க, பயப்படாதீங்க, ப்ராசஸ் சாகாது, டம்ப்பை கேட்டலினா டாட் அவுட் ஃபைல்ல எழுதிட்டு தொடர்ந்து ஓடும். அஞ்சு அஞ்சு செகண்ட் இடைவெளில நாலு தடவை எடுத்து, ஆப்பை டிப்ளாய் பண்ற த்ரெட்டை நாலுலயும் ஒப்பிட்டுப் பாருங்க. நாலுலயும் ஒரே வரில நிக்குதுன்னா அங்கதான் மாட்டிருக்கு.

நான் அடிக்கடி பார்த்தது மூணு இடம். முதல்ல டிஎன்எஸ், மெஷின் பேரைக் கொடுத்தா ஐபி அட்ரஸ் தர்ற சர்வீஸ். லினக்ஸ்ல ஒரு பேரைத் தேடிப் பதில் வரலன்னா அடுத்த முயற்சிக்கு முன்னாடி 5 செகண்ட் காத்திருக்கும், அதுதான் டீஃபால்ட். அதனால லாக்ல இருக்கிற இடைவெளி எல்லாம் 5, 10, 20ன்னு வந்தா நான் வேற எதையும் பார்க்காம நேரா டிஎன்எஸ்ஸுக்குப் போயிடுவேன். சர்வரோட சொந்த ஹோஸ்ட்நேமே ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல இல்லாம இருக்கும், ஒரு வரி சேர்த்தா முடிஞ்சுது.

ரெண்டாவது ஃபயர்வால். வெளில எங்கயோ கனெக்ட் பண்ணப் பார்க்கும், ஃபயர்வால் ‘முடியாது’ன்னு பதில் கூட சொல்லாம பேக்கெட்டை முழுங்கிடும். டைம்அவுட் எதுவும் வைக்கலன்னா பல லினக்ஸ் மெஷின்ல அந்த ஒரு கனெக்‌ஷன் கைவிடறதுக்கு 127 செகண்ட் ஆகும், ஏன்னா முதல் முயற்சிக்கு அப்புறம் 1, 2, 4ன்னு இடைவெளியை இரட்டிப்பாக்கி ஆறு தடவை திரும்ப முயற்சி பண்ணும். நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல இதேதான், ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலோட மேல இருந்த டிடிடி (அந்த ஃபைல் எப்படி இருக்கணும்னு சொல்ற விதி ஃபைல்) அட்ரஸை பார்ஸர் ஒவ்வொரு ஸ்டார்ட்லயும் இன்டர்நெட்ல தேடிப் போச்சு, ப்ரொடக்‌ஷன்ல இன்டர்நெட்டே கிடையாது. வருஷக்கணக்கா எல்லாரும் ‘அது அப்படித்தான், பெரிய அப்ளிகேஷன்’னு சொல்லிட்டு இருந்தாங்க. அந்த ‘அப்படித்தான்’ங்கிற வார்த்தை மேல எனக்கு அன்னிக்கு வந்த கோபம் இன்னும் போகல.

மூணாவது ரேண்டம் நம்பர். டாம்கேட் செஷன் ஐடி உண்டாக்க செக்யூர் ரேண்டம்னு ஒண்ணை ஸ்டார்ட் ஆகும்போதே தயார் பண்ணும், பழைய கெர்னல்ல ரேண்டம் நம்பர் தர்ற டெவ் ரேண்டம் கிட்ட போதுமான என்ட்ரோபி, அதாவது கணிக்க முடியாத தகவல், சேரலன்னா அப்படியே ப்ளாக் ஆகிடும், முக்கியமா புதுசா பூட் ஆன வர்ச்சுவல் மெஷின்ல. 2020ல வந்த லினக்ஸ் 5.6லேர்ந்து இந்தத் தொல்லை போயிடுச்சு. பழைய மெஷின்னா ஜாவாவை ப்ளாக் ஆகாத யூரேண்டம் பக்கம் திருப்பி விடுங்க. இதுக்கு எவ்ளோ மில்லிசெகண்ட் ஆச்சுன்னு டாம்கேட்டே லாக்ல எச்சரிக்கையா எழுதும், அந்த வரியைத் தேடிப் பாருங்க.

கேள்வி: மாசத்துக்கு ஒரு தடவைதான் ரீஸ்டார்ட் பண்றோம், இதுக்குப் போய் நேரம் செலவு பண்ணணுமா?

பதில்: பண்ணணும். ஏழு நிமிஷம் ஆகுதுங்கிற பயத்துலதான் நீங்க மாசத்துக்கு ஒரு தடவை மட்டும் பண்றீங்க, செக்யூரிட்டி பேட்ச் வந்தாலும் அடுத்த மாசம் பார்த்துக்கலாம்னு தள்ளிப் போடறீங்க. ராத்திரி சர்வர் விழுந்தா, தப்பு என்னன்னு கண்டுபிடிக்க மூணு தடவை ரீஸ்டார்ட் பண்ணாலே இருபது நிமிஷத்துக்கு மேல போச்சு, அவ்ளோ நேரமும் யூசர் வெளில நிக்கிறாங்க. டெவலப்பர் ஒவ்வொரு சின்ன மாத்தத்துக்கும் காத்திருக்கிற நேரத்தை நான் இன்னும் கணக்குலயே சேர்க்கல.

கேள்வி: எங்களுதுல சிபியூ நல்லாவே போகுது சார், த்ரெட் டம்ப் எடுத்தா எப்பவும் ஜார் (லைப்ரரி ஃபைல்) ஸ்கேன் பண்ற இடத்துலயே இருக்கு. லிப் ஃபோல்டர்ல 300 ஜார் இருக்கு.

பதில்: 2009ல வந்த சர்வ்லெட் 3.0ங்கிற ஜாவா வெப் தரத்துலேர்ந்து இது இருக்கு. கோட்லயே அனோட்டேஷன்ங்கிற குறிப்பு போட்டாலே போதும், எக்ஸ்எம்எல்ல எழுத வேண்டாம்னு வசதி கொடுத்தாங்க, அந்த வசதிக்காக சர்வர் ஒவ்வொரு ஜாரையும் திறந்து உள்ள இருக்கிற க்ளாஸை எல்லாம் பார்க்க வேண்டியிருக்கு. முதல்ல யாருமே யூஸ் பண்ணாத ஜாரைத் தூக்குங்க, இதை யாரும் செய்யறதில்ல, ஆனா பலன் அதிகம். அப்புறம் டாம்கேட்ல ஸ்கேன் பண்ண வேண்டாத ஜார் பேரைப் பட்டியலா கொடுக்க ஒரு செட்டிங் இருக்கு, அதுல உங்க டேட்டாபேஸ் டிரைவர், லாகிங் லைப்ரரி மாதிரி ஆளுங்களைப் போடுங்க. வெப் டாட் எக்ஸ்எம்எல்ல காலியா ஒரு அப்சல்யூட் ஆர்டரிங் டேக் போட்டா எல்லாமே நிக்கும்னு படிச்சிருப்பீங்க, நிக்கும்தான், ஆனா எக்ஸ்எம்எல் இல்லாம இனிஷியலைஸர் க்ளாஸை நம்பி எழும்புற ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க் ஆப்பா இருந்தா அதுவும் சேர்ந்து நின்னுடும். டெஸ்ட் மெஷின்ல பார்த்துட்டு போடுங்க.

கேள்வி: கன்டெய்னர்களை நிர்வகிக்கிற குபர்னெட்டிஸுக்கு மாத்தினோம். இப்போ பாட் (அதுல நம்ம ஆப் ஓடுற யூனிட்) முழுசா ஸ்டார்ட் ஆகறதுக்குள்ளயே ரீஸ்டார்ட் ஆகி, திரும்ப ரீஸ்டார்ட் ஆகி, அப்படியே சுத்திட்டு இருக்கு. கோட்ல ஒரு வரி கூட மாத்தல.

பதில்: ஆப் உயிரோட இருக்கான்னு பார்க்கிற லைவ்னெஸ் ப்ரோப்தான் கொல்லுது. டீஃபால்ட்ல 10 செகண்டுக்கு ஒரு தடவை கேட்கும், தொடர்ந்து மூணு தடவை பதில் வரலன்னா கன்டெய்னரை ரீஸ்டார்ட் பண்ணிடும், உங்க ஆப் ஒரு நிமிஷம் கேட்குதுன்னா அதுக்கு வாழவே வழி இல்ல. ஸ்டார்ட்அப் ப்ரோப் வைங்க, 2020 கடைசில வந்த குபர்னெட்டிஸ் 1.20ல அது ஸ்டேபிள் ஆயிடுச்சு. 10 செகண்ட், 30 தடவைன்னு கொடுத்தா 300 செகண்ட் கிடைக்கும், அது பாஸ் ஆகிற வரைக்கும் லைவ்னெஸ் வாயைத் திறக்காது.

கூடவே சிபியூ லிமிட்டையும் பாருங்க. ஜாவாவை ஓட்டுற ஜேவிஎம்முக்கு வாழ்நாள்லயே அதிக சிபியூ தேவைப்படறது முதல் நிமிஷத்துலதான், ஆயிரக்கணக்கான க்ளாஸை லோட் பண்ணணும், வெரிஃபை பண்ணணும், கோடை மெஷின் மொழிக்கு மாத்துற ஜிட் கம்பைலர் பின்னாடி ஓடணும். நிதானமா ஓடும்போது கால் கோர் போதும்னு பார்த்து லிமிட்டை அப்படியே வச்சா, ஸ்டார்ட் ஆகும்போது ஒவ்வொரு 100 மில்லிசெகண்ட்லயும் 25 மில்லிசெகண்ட் மட்டும் ஓடிட்டு மீதி நேரம் கட்டிப் போட்ட மாதிரி கிடக்கும்.

கேள்வி: ஸ்பிரிங் பூட்ல லேஸி இனிஷியலைசேஷன் (தேவைப்படும்போது மட்டும் உருவாக்கிறது) ஆன் பண்ணா வேகமாயிடும்ங்கிறாங்க, பண்ணலாமா?

பதில்: உங்க மெஷின்ல தாராளமா பண்ணுங்க. ப்ரொடக்‌ஷன்ல நான் பண்ண மாட்டேன். ஸ்டார்ட் ஆகும்போது தெரிய வேண்டிய கான்ஃபிக் தப்பு, யாரோ முதல்ல அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதுதான் வெடிக்கும், அந்த முதல் ரிக்வெஸ்ட்டும் மெதுவா போகும். நேரத்தைக் குறைக்கல, இடம் மாத்தி வைக்கிறோம், அவ்ளோதான்.

நிஜமா குறையணும்னா ஜேடிகேவை, அதாவது ஜாவாவையே, அப்டேட் பண்ணப் பாருங்க. 2025 மார்ச்ல வந்த ஜேடிகே 24ல, ஒரு ட்ரெய்னிங் ரன்ல க்ளாஸை எல்லாம் லோட் பண்ணி லிங்க் பண்ணி ஒரு கேஷ்ல வச்சுக்கிட்டு அடுத்த ஸ்டார்ட்ல அப்படியே எடுத்துக்கிற வசதி வந்திருக்கு. ஸ்பிரிங் பெட்க்ளினிக்ங்கிற சாம்பிள் அப்ளிகேஷன், ஸ்டார்ட் ஆகும்போதே சுமார் 21,000 க்ளாஸ் லோட் பண்றது, 4.486 செகண்ட்லேர்ந்து 2.604க்கு இறங்கினதா அந்த ஜேடிகே முன்மொழிவுலயே போட்டிருக்காங்க. கோட்ல கை வைக்காம இவ்ளோ கிடைக்குது. ஆனா டிஎன்எஸ்ல மாட்டின இருபது செகண்டை இந்த கேஷ் தொடக் கூட தொடாது, அதனால முதல்ல அந்த நாலு த்ரெட் டம்ப்பை எடுத்துடுங்க.