உயிரியலில் முதுகலையும் முனைவர் பட்ட ஆய்வும்: கேள்வி பதில்

காரைக்குடி வட்டாரத்து மாணவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். விலங்கியல் துறையில் கற்பித்து, ஆய்வாளர்களுக்கு வழிகாட்டி ஓய்வு பெற்றவன் நான். பலரும் "எந்தத் தலைப்பை எடுக்கலாம்?" என்றே கேட்டிருக்கிறீர்கள். தலைப்பைவிட, எதை அறிய விரும்புகிறோம் என்பதையும், யாரிடம் இருந்து கற்கப்போகிறோம் என்பதையும் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

கேள்வி (காரைக்குடி, எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் மாணவி): ஐயா, ஆவாரம்பூச் சாற்றுக்குப் பாக்டீரியாவைத் தடுக்கும் திறன் உண்டா என்பது என் ப்ராஜெக்ட். ஒரே பெட்ரி தட்டில் சாறு ஊட்டிய மூன்று டிஸ்க் (சிறு காகித வட்டு) வைத்து, அவற்றைச் சுற்றிப் பாக்டீரியா வளராத தடுப்பு வளையத்தின் விட்டத்துக்குச் சராசரி எழுதினால் போதுமா?

பதில்: போதாது, அம்மா. மூன்று டிஸ்க்குகளும் ஒரே அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் கூழில்), ஒரே நாளில் வளர்த்த பாக்டீரியாவின் மேல் இருப்பதால், அது ஒரு சோதனையை மும்முறை அளந்ததாகுமே தவிர, மூன்று சோதனைகள் ஆகாது. வெவ்வேறு நாள்களில், புதிதாக ஊற்றிய தட்டிலும் புதிதாக வளர்த்த பாக்டீரியாவிலும் மும்முறை செய்யுங்கள். அப்போதுதான் சராசரிக்குப் பொருள் உண்டு. அகாரின் கனம் 4 மி.மீ. இருக்க வேண்டும், மெலிதாக ஊற்றினால் வளையம் பெரிதாகி, சாற்றின் வீரியம் கூடியதுபோல் தோன்றும். பாக்டீரியாக் கலங்கல் 0.5 மெக்ஃபார்லண்ட் என்னும் நியமக் கலங்கல் அளவுக்கு ஒத்திருக்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் பாருங்கள். சாற்றை எதில் கரைத்தீர்களோ அந்தக் கரைப்பானை (மெத்தனால் போன்றதை) மட்டும் ஊட்டிய டிஸ்க் ஒன்றை அதே தட்டில் வைக்காவிட்டால், தடுத்தது பூவா மெத்தனாலா என்று தேர்வாளர் கேட்கும்போது உங்களிடம் விடை இராது. டிஸ்க்கின் விட்டமே 6 மி.மீ. என்பதையும் மறவாதீர்கள். "வளையம் 6 மி.மீ." என்றால் தடுப்பே இல்லை என்று பொருள்; அதைக் குறைந்த செயல்திறன் என்று அட்டவணையில் எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மேலும், சாறு அகாரில் எவ்வளவு பரவுகிறது என்பதைப் பொறுத்தும் வளையத்தின் அளவு மாறும். எனவே இரண்டு சாறுகளை ஒப்பிட வேண்டுமானால், திரவ ஊடகத்தில் படிப்படியாக நீர்க்கச் செய்து, வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த செறிவைக் கண்டுபிடியுங்கள். திறன் உண்டா என்று கேட்பதைவிட, மாசியில் பறித்த பூவுக்கும் ஐப்பசியில் பறித்த பூவுக்கும் வேறுபாடு உண்டா என்று கேட்டால், அதே கருவிகளைக் கொண்டே புதிதாக ஒன்றை அறியலாம்.

கேள்வி (தேவகோட்டை): எம்.ஃபில். முடித்துவிட்டுப் பிஎச்.டி. சேர்வது நல்லதா?

பதில்: பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 ஒழுங்குமுறைகள் எம்.ஃபில். படிப்பை நிறுத்திவிட்டன. அதற்கு முன் முறைப்படி பெற்ற பட்டம் செல்லும். இனிப் புதிதாகச் சேர வேண்டாம்.

கேள்வி (பள்ளத்தூர், மாணவியின் தாயார்): என் மகள் ஆய்வு உதவித்தொகைக்கான ஜே.ஆர்.எஃப். தேறியிருக்கிறாள். புகழ்பெற்ற பேராசிரியரிடம் சேர்ப்பதா, அருகிலேயே காரைக்குடியில் சேர்ப்பதா? ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் என்கிறார்களே, திருமணமும் பார்க்க வேண்டுமே?

பதில்: ஆச்சி, உங்கள் கவலை நியாயமானது. பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள். ஆறு ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும். பெண்களுக்குக் கூடுதல் கால அவகாசமும், 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் விதியிலேயே உண்டு. 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், மதிப்பீட்டில் தேறினால் 42,000. எனவே பெற்றோர் கையை எதிர்பார்க்காமலே அவர் படிக்கலாம். திருமணம் ஆய்வை நிறுத்தக் காரணமாக வேண்டியதில்லை. வரும் குடும்பத்தாரிடம் இதைத் தொடக்கத்திலேயே பேசிவிடுவது நல்லது.

வழிகாட்டியைத் தேர்வதில் புகழை மட்டும் பார்க்காதீர்கள். ஒரே நேரத்தில் பேராசிரியர் எட்டு பேருக்கும், இணைப்பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப்பேராசிரியர் நான்கு பேருக்கும் மட்டுமே வழிகாட்டலாம். ஓய்வு பெற மூன்றாண்டுகளுக்குக் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது. அந்த ஆய்வகத்தில் இப்போது இருப்பவர்களிடம், வழிகாட்டி இல்லாத வேளையில், உங்கள் மகளே போய்ப் பேசட்டும். கடைசியாக ஆய்வேடு சமர்ப்பித்தவர் எத்தனை ஆண்டுகளில் முடித்தார், சோதனை செய்தவரின் பெயர் கட்டுரையில் முதலில் வருகிறதா, எழுதிக் கொடுத்த அத்தியாயம் எத்தனை நாளில் திருத்தத்துடன் திரும்பி வருகிறது, இந்த மூன்றையும் கேட்டால் அந்த ஆய்வகத்தின் நடப்பு தெரிந்துவிடும். காரைக்குடி எளிய இடமன்று. அழகப்பா பல்கலைக்கழகத்தில் உயிரித் தொழில்நுட்பமும் உயிர்த்தகவலியலும் இருக்கின்றன. தொண்டி வளாகம் கடல் ஆய்வுக்கு உரியது. மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான செக்ரியிலேயே உலோகத்தை அரிக்கும் நுண்ணுயிரிகளைப் பற்றி ஆய்வு நடந்திருக்கிறது. நல்ல வழிகாட்டி அருகில் இருந்தால், வெளியூர்ப் பெயருக்காக அவரை விட வேண்டாம்.

கேள்வி (திருப்பத்தூர்): வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தில் ஆய்வு செய்ய விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?

பதில்: முதலில் வனத்துறையின் அனுமதி, அது 1977 முதல் சரணாலயம், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அங்கே பொருந்தும். அனுமதிக்கு நாள் பிடிக்கும், ஆகவே பறவை வரும் பருவத்துக்கு வெகு முன்னரே விண்ணப்பியுங்கள். கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அந்த மதிப்போடு கண்மாய்க்கரையில் கால் வையுங்கள்.

கூடுகளின் எண்ணிக்கைக்கும் கண்மாயின் நீர்மட்டத்துக்கும் தொடர்பு உண்டா என்பது நல்ல கேள்வி. ஆனால் மூன்றாண்டு ஆய்வில் மூன்றே மழைக்காலங்கள் கிடைக்கும். அவற்றை வைத்து எந்த முடிவும் சொல்ல முடியாது. எனவே வனத்துறையின் பழைய கணக்கெடுப்புகளைத் தேடிச் சேகரியுங்கள், அல்லது சுற்றியுள்ள பல கண்மாய்களை ஒரே பருவத்தில் ஒப்பிடுங்கள். ஒரே ஆள், ஒரே வேளையில், ஒரே கரையில் நின்று எண்ணுவது முக்கியம்.

கேள்வி (கானாடுகாத்தான்): சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வின் உயிர் அறிவியல் பாடத்திட்டம் முழுவதையும் படிக்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. 200 மதிப்பெண்ணில் பாதி, சி பகுதியில் இருக்கிறது: 75 வினாக்களில் 25 எழுதினால் போதும், ஒன்றுக்கு நான்கு மதிப்பெண். 13 அலகுகளில் ஆறேழு அலகுகளை ஆழமாகப் படியுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைவதால் ஊகித்து எழுதாதீர்கள்.

கேள்வி (புதுவயல், முதலாண்டு ஆய்வாளர்): மற்றவற்றோடு ஒத்துவராத ஓர் அளவீட்டை நீக்கிவிடுமாறு ஆய்வகத்தில் மூத்தவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள், தம்பி. தட்டில் பூஞ்சை படர்ந்தது, மின்சாரம் போனது என்பதுபோல் கண்ணால் கண்ட காரணம் இருந்து, அதை அன்றே குறிப்பேட்டில் எழுதியிருந்தால் மட்டுமே நீக்கலாம். நீக்கியதையும் ஆய்வேட்டில் சொல்ல வேண்டும். எண் பிடிக்கவில்லை என்பது காரணமாகாது. பக்க எண் இட்ட குறிப்பேட்டில், பேனாவால், தேதியோடு எழுதுங்கள். தவறினால் ஒற்றைக் கோடு போட்டு அடியுங்கள், கிழிக்காதீர்கள். இந்த அளவீட்டை அந்தப் பக்கத்தோடு வழிகாட்டியிடம் காட்டி, சோதனையை மறுபடியும் செய்ய அனுமதி கேளுங்கள். அவரும் நீக்கச் சொன்னால், ஒவ்வொரு பருவத்திலும் உங்கள் முன்னேற்றத்தைக் கேட்கும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் இரண்டு முடிவுகளையும் வையுங்கள். அதற்கான உரிமை உங்களுக்கு உண்டு.