501 என்றால் 101-ஐவிட ஆழமான வேதபாடமா?

கேள்வி: பன்னிரண்டு வருடமாக ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். வேதாகமத்தை முறையாகப் படிக்க ஆசை. இணையவழிப் படிப்புகளைத் தேடினால், ஓ.டி. 101, ஓ.டி. 501 இரண்டுக்குமே ‘பழைய ஏற்பாட்டு அறிமுகம்’ என்றுதான் தலைப்பு. இன்னொரு இடத்தில் ‘லெவல் 4’ என்கிறார்கள். வேதம் ஓரளவு தெரிந்த நான் நேராக 501-இல் சேரலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். 501 என்ற எண்ணுக்கும் உங்களுக்கு வேதம் எவ்வளவு தெரியும் என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்தக் குறியீட்டை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். முன்னால் வரும் எழுத்துகள் பாடப்பிரிவைச் சொல்கின்றன. ஓ.டி. பழைய ஏற்பாடு, என்.டி. புதிய ஏற்பாடு, சி.எச். திருச்சபை வரலாறு. பின்னால் வரும் எண்ணில் முதல் இலக்கம்தான் முக்கியம். அமெரிக்க வழக்கப்படி 100, 200 வரிசை இளநிலைப் பட்டப்படிப்பின் முதல் வருடங்களுக்கு. 300, 400 அதன் பிற்பகுதிக்கு. 500-இல் தொடங்கினால் பெரும்பாலும் முதுநிலை. கடைசி இரண்டு இலக்கங்கள் அந்தந்தக் கல்லூரியின் வசதிக்கு வைத்தவை. 512 என்பதால் 507-ஐவிடக் கடினம் என்று அர்த்தமில்லை.

முதுநிலையில் எதற்கு ‘அறிமுகம்’ என்று கேட்பீர்கள். முதுநிலை இறையியலுக்கு வருகிறவர் பி.காம். முடித்திருப்பார், இன்ஜினியரிங் முடித்திருப்பார். அவருக்கும் ஆதியாகமத்தில்தானே தொடங்க வேண்டும்? ஆகவே பாடம் ஒன்றுதான். உங்களிடம் கேட்கும் உழைப்புதான் வேறு. 101-இல் பெரும்பாலும் சிறு தேர்வுகளும் ஒரு பக்க, இரண்டு பக்கப் பதில்களும் இருக்கும். 501-இல் ஏசாயாவின் ஒரு பகுதியைக் கொடுத்து, அதைப் பற்றி அறிஞர்கள் எழுதியதைப் படித்து, அவர்களோடு வாதாடி, அடிக்குறிப்புகளோடு ஆங்கிலத்தில் நீண்ட கட்டுரை எழுதச் சொல்வார்கள். சங்கீதங்களை மனப்பாடமாகச் சொல்கிறவர்களும் இந்த இடத்தில் திணறிப்போவார்கள். அது விசுவாசக் குறைவோ அறிவுக் குறைவோ அல்ல, பழக்கமில்லாத வேலை, அவ்வளவுதான்.

நேரத்தையும் கணக்குப் போடுங்கள். அமெரிக்கக் கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் வாரம் 1 மணி நேர வகுப்பு, அதற்கு மேல் 2 மணி நேரச் சொந்தப் படிப்பு, சுமார் 15 வாரங்களுக்கு. 3 கிரெடிட் பாடத்துக்கு வாரம் 9 மணி நேரம். வேலை, வீடு, ஓய்வுநாள் பள்ளி மூன்றையும் பார்த்துக்கொண்டு அந்த 9 மணி நேரம் எங்கிருந்து வரும் என்று யோசியுங்கள்.

‘லெவல் 4’ இங்கிலாந்துக் கணக்கு. அங்கே 4, 5, 6 மூன்றும் இளநிலைப் படிப்பு, 7 முதுநிலை, 8 முனைவர் பட்டம். அதாவது லெவல் 4 என்பது கல்லூரியின் முதல் வருடம். 400 வரிசையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கிரெடிட்டும் வேறு: அங்கே ஒரு கிரெடிட் சுமார் 10 மணி நேர உழைப்பு. 20 கிரெடிட் பாடம் என்றால் 200 மணி நேரம்.

இன்னொன்று, ஓரிடத்து 100 இன்னோரிடத்து 100 ஆகாது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கும் ‘ஆர்.எல்.எஸ்.டி. 145’ பழைய ஏற்பாட்டு அறிமுகம்தான். பேராசிரியர் கிறிஸ்டின் ஹேய்ஸ் 2006-இல் நடத்திய 24 விரிவுரைகள். மூன்றாவது விரிவுரையிலேயே ஆதியாகமத்தின் படைப்பு வரலாற்றைப் பாபிலோனின் ‘எனுமா எலிஷ்’ படைப்புக் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பேசுகிறார். சபையில் மட்டுமே வேதபாடம் கேட்டவருக்கு அது தூக்கிவாரிப் போடும். எண் தொடக்க நிலைதான். ஆனால் முன்னெழுத்துகள் மத ஆய்வுத் துறையைக் குறிக்கின்றன. போதகர்களை உருவாக்கும் வகுப்பல்ல அது. அதனால்தான் எண்ணுக்கு முன்னால் எழுத்தைப் பாருங்கள் என்கிறேன். யேல் பாடத்துக்குச் சான்றிதழ் கிடையாது, கட்டணமும் கிடையாது. இரண்டு மூன்று விரிவுரைகளைக் கேட்டால், கல்விப்புல வேதபாடம் உங்களுக்குச் சரிப்படுமா என்று தெரிந்துவிடும்.

உங்கள் நிலையில் நான் 101-ஐக்கூட விட்டுவிட்டு, 200 வரிசையில் ஒரே ஒரு புத்தகத்தைப் பற்றிய பாடமாகத் தேடுவேன். ரோமர் நிருபம் அல்லது யாத்திராகமம். பன்னிரண்டு வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு மோசே யார், பவுல் யார் என்ற அறிமுகம் தேவையில்லை. ஆனால் ‘முன்தேவை’, அதாவது முதலில் முடித்திருக்க வேண்டிய பாடம், என்று 101-ஐக் குறிப்பிட்டிருந்தால் விலக்கு உண்டா என்று கேளுங்கள். ‘ஆடிட்’ வசதி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்: பாடம் கேட்கலாம், மதிப்பெண் இல்லை, கட்டணமும் வழக்கமாகக் குறைவு.

பிற்பாடு பட்டம் வேண்டும் என்று நினைத்தால் மட்டும் கணக்கு மாறும். எந்தக் குறியீடும் தானாகப் பட்டத்தில் சேராது. உதாரணமாக, மேற்கு வங்காளத்தில் இறையியல் கற்பிக்கும் செராம்பூர் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமை 1827-ஆம் ஆண்டின் டேனிஷ் அரச சாசனத்திலிருந்தும் 1918-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தும் வருகிறது. அப்படி உரிமை பெறாத நிறுவனம் 600 என்று எண் போட்டாலும் அது வெறும் எண்தான். நீங்கள் பின்னால் சேர நினைக்கும் இறையியல் கல்லூரிக்கே பாடத்திட்டத்தை அனுப்பி, “இந்தக் கிரெடிட்டை ஏற்பீர்களா?” என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும், அப்புறம் பணம் கட்டலாம்.