மட்டக்களப்பு பார் வீதியில் வரும் ‘பார்’ என்றால் என்ன?

“பார் வீதி என்பது சாராயக் கடை இருந்த தெருவா? சட்டத்தரணிகளையும் ஏன் ‘பார்’ என்கிறார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

சாராயக் கடைக்கும் வீதிக்கும் தொடர்பில்லை. ஆனால் சொல்லின் அடி ஒன்றுதான்: குறுக்கே கிடக்கும் கட்டை அல்லது கம்பி. நீதிமன்றத்தில் நீதிபதியின் பக்கத்தைப் பிரித்த மரத்தடுப்பு ‘பார்’. அங்கே நின்று வாதாட உரிமை பெற்றவர்களுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. மதுக்கடையில் விற்பவருக்கும் குடிப்பவருக்கும் நடுவிலுள்ள பலகையும் அப்படியே. வினைச்சொல்லாக வந்தால் ‘தடு’. சவர்க்காரக் கட்டிக்கு வடிவத்தால் வந்த பெயர்.

நம்முடைய வீதி முகத்துவாரப் பக்கம், வெளிச்சவீட்டை நோக்கிப் போகிறது. ஆற்றுவாய்க்குக் குறுக்கே அலை ஒதுக்கும் மணல்திட்டும் ஆங்கிலத்தில் ‘பார்’தான்; வீதியின் பெயரிலுள்ள ‘பார்’ அதுவே. கோடையில் வாவியின் வாயை அடைத்துக் கிடக்கும் அந்த மணலைத்தான், மாரி வெள்ளம் ஊருக்குள்ளும் வயலுக்குள்ளும் ஏறும்போது வெட்டிவிடுகிறார்கள். வெட்டிய வாய்க்காலைத் தண்ணீரே அரித்து அகலமாக்கிக்கொண்டு கடலுக்குப் பாயும். பார்க்கவேண்டிய காட்சி அது.

அமுக்கம் அளக்கும் ‘பார்’ மட்டும் இந்தக் குடும்பமில்லை. எடையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1 பார் என்பது 100,000 பஸ்கால்.